அறக்கட்டளைப் பத்திரம் நன்கொடையாளர் பார்வைக்கு வர வேண்டும்

ஆசிரியருக்கு,

நிலமோ கட்டடமோ சேராத அறக்கட்டளைப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் 4ஆம் புத்தகம் என்ற பதிவேட்டில் பதிவாகிறது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் 57ஆவது பிரிவின்படி, எழுதிக்கொடுத்தவருக்கும் அதன்கீழ் உரிமை கோருபவருக்கும் மட்டுமே அதன் நகல் கிடைக்கும். நன்கொடை கொடுத்தவர் கேட்டால் கிடைக்காது. ஆயுட்கால அறங்காவலர் யார், அவருக்குப் பின் யார், சொத்தை விற்கும் அதிகாரம் யாருக்கு என்பதெல்லாம் அந்தப் பத்திரத்தில்தான் இருக்கிறது.

சங்கமாக இருந்தால் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஆண்டுதோறும் மாவட்டப் பதிவாளரிடம் கணக்கு தாக்கல் செய்தாக வேண்டும். சாதாரணப் பொது அறக்கட்டளையிடம் ஆண்டுக் கணக்கு கேட்கத் தமிழக அரசில் தனி அலுவலகம் இல்லை. 1882ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டமும் தனியார் அறக்கட்டளைகளுக்குத்தான். வருமான வரித் துறைக்குத் தணிக்கை அறிக்கை போகிறது. அறங்காவலரின் சொந்தக் கட்டடத்துக்கு அறக்கட்டளை கொடுத்த வாடகைகூட அதில் வர வேண்டும். ஆனால் அது நன்கொடையாளர் கண்ணில் படாது. வழக்குப் போடலாம் என்றால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92ஆவது பிரிவின்படி அறக்கட்டளையில் அக்கறையுள்ள இருவராவது சேர்ந்து முதலில் நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். கணக்கையே பார்க்காதவர்கள் எதைக் காட்டி அனுமதி கேட்பார்கள்?

மகாராஷ்டிரத்தில் 1950ஆம் ஆண்டுப் பொது அறக்கட்டளைகள் சட்டப்படி இதற்கென்றே ஓர் ஆணையர் இருக்கிறார். அறங்காவலர் மாறினால் 90 நாளில் தெரிவிக்க வேண்டும். அசையாச் சொத்தை விற்க முன் அனுமதி வேண்டும். அங்கே இந்த அறங்காவலர் மாற்ற அறிக்கைகள் ஏற்கப்படாமல் ஆண்டுக்கணக்கில் தேங்குவதும் உண்டு. அதுவரை காசோலையில் யார் கையெழுத்துப் போடுவது என்ற தகராறு ஓயாது. தமிழகம் சட்டம் கொண்டுவந்தால், ஆட்சேபம் வராத அறிக்கையை இத்தனை நாளுக்குள் ஏற்றாக வேண்டும் என்று கெடு வைக்க வேண்டும்.

அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பத்திர நகல், இப்போதைய அறங்காவலர் பெயர்கள், கடைசி மூன்று ஆண்டு வரவு செலவு, அறங்காவலருக்கும் அவர் உறவினருக்கும் கொடுத்த தொகை ஆகியவற்றைப் பதிவுத் துறை இணையதளத்தில் ஒரே எண்ணின்கீழ் வெளியிடலாம். சிறிய அறக்கட்டளைக்கு ஒரு பக்கப் படிவம் போதும். கிராமத்தில் நூலகம் நடத்துபவர்களை ஆடிட்டர் செலவிலேயே முடக்கிவிடக் கூடாது. பத்திரப் பதிவும் அறக்கொடைகளும் மத்திய, மாநில அரசுகள் இரண்டுமே சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் உள்ளவை. 57ஆவது பிரிவைச் சட்டமன்றமே திருத்திக் குடியரசுத் தலைவர் ஒப்புதலுக்கு அனுப்பலாம். பதிவுச் சட்டத்தில் தமிழகம் ஏற்கெனவே அப்படித் திருத்தங்கள் செய்திருக்கிறது.

பட்டயக் கணக்காளர், மதுரை