கேமராவை அணைத்துவிட்டுப் பேச விடுங்கள்

தம்பதியருக்கும் பாலியல் சிக்கல்களுக்கும் ஆலோசனை சொல்லும் உளவியல் ஆலோசகர்களுக்கு,

வணக்கம். "முதல் அமர்வுக்கு இருவரும் நேரில் வந்தே ஆக வேண்டும்" என்று உங்களில் சிலர் விதி வைத்திருக்கிறீர்கள். அந்த விதியைப் பற்றித்தான் இந்த மடல்.

திருமணமாகி நான்கு ஆண்டுகள் எங்களால் உடலுறவு கொள்ள முடியவில்லை. முயலும்போதெல்லாம் எனக்கு வலி. என்னைக் கேட்காமலே உடல் இறுகிக்கொள்ளும். அதற்கு வஜைனிஸ்மஸ் என்று ஒரு பெயர் இருப்பதுகூட அப்போது தெரியாது. இரண்டாம் ஆண்டில் ஒருமுறை நேரில் போனோம். காத்திருக்கும் அறை நிறைய ஆட்கள். வரவேற்பு மேசையில் இருந்தவர் எல்லார் முன்னாலும் "என்ன பிரச்சினை?" என்றார். "தூக்கம் வரமாட்டேங்குது" என்றேன். உள்ளே போன பிறகும் அந்தப் பொய்யை மாற்றிச் சொல்ல நாக்கு எழவில்லை. தூக்கத்துக்கான அறிவுரையை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம்.

பிறகு கிடைத்தவர் தொலைபேசியில் பேசும் ஆலோசகர். படுக்கையறையில் நான், வெளியே நிறுத்தியிருந்த காரில் கணவர், ஒரே அழைப்பில் மூவரும். என் முகத்தை யாரும் பார்க்கவில்லை என்பதால்தான் "வலிக்குது" என்ற சொல் வெளியே வந்தது. "அவளைத் தொடவே எனக்குப் பயமா இருக்கு" என்று அவர் சொன்னதை முதல்முறையாக ஹெட்போனில்தான் கேட்டேன். என்னைப் பிடிக்காமல் விலகுகிறார் என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

முகம் பார்க்காமல் எப்படிச் சிகிச்சை தருவது என்று கேட்பீர்கள். உங்கள் துறையின் வரலாற்றையே பாருங்கள். உடலுறவைத் தள்ளிவைத்துவிட்டு, படிப்படியாகத் தொட்டுப் பழகும் பயிற்சியை அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்களான மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1970-இல் வெளியிட்டார்கள். அவர்களிடம் வந்த தம்பதியர் இரண்டு வாரம் தினமும் ஆலோசகரைச் சந்தித்தார்கள். ஆனால் தொடுதல் பயிற்சி நடந்தது தம்பதியர் தனித்திருந்த அறையில். எனக்குச் சொல்லப்பட்ட மூச்சுப் பயிற்சி, இடுப்புத்தளத் தசையைத் தளர்த்தும் பயிற்சி, சிறிய அளவிலிருந்து தொடங்கி யோனிக்குள் மெல்ல நுழைத்துப் பழகும் டைலேட்டர் என்ற உருளை எல்லாமே வீட்டில் செய்பவைதான். ஆலோசகரின் பங்கு பேச்சு. பேச்சு கம்பி வழியாக வந்தால் என்ன குறைந்துவிடுகிறது?

உடலைப் பார்க்க வேண்டிய இடத்தில் பார்க்கத்தான் வேண்டும். எங்கள் ஆலோசகர் முதல் வாரமே என்னை மகளிர் மருத்துவரிடம் அனுப்பினார். தொற்றோ வேறு நோயோ இல்லை என்று உறுதியான பிறகே பயிற்சி தொடங்கியது. விறைப்புக் குறைபாடு என்று அழைப்பவருக்கும் இதுவே பொருந்தும். அது நீரிழிவின், இரத்தக்குழாய் அடைப்பின் முதல் அறிகுறியாக இருக்கலாம். அதை வெறும் மனப்பிரச்சினை என்று பேசிக்கொண்டே இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்று, இதுதான் எனக்கு அதிகக் கவலை. எல்லா வீட்டிலும் அழைப்பு பாதுகாப்பானது அல்ல. அடிக்கும் துணை பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கலாம். அதனால் இருவரையும் சேர்த்துப் பேசுமுன் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுங்கள். "இப்போது தனியாக இருக்கிறீர்களா?" என்று ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லக்கூடிய விதத்தில் கேளுங்கள். ஆபத்து என்றால் சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டிக்க, சாதாரணமான ஒரு சொல்லை முன்கூட்டியே பேசி வையுங்கள். அச்சுறுத்தல் இருப்பது தெரிந்தால், தயவுசெய்து கூட்டு அமர்வு வேண்டாம். எழுத்துவழி ஆலோசனை என்றால், அந்த உரையாடல் யாருடைய கருவியில் எவ்வளவு நாள் கிடக்கும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வேறு வேறு ஊர்களில் வேலை பார்க்கும் தம்பதியர், வாய் திறக்க வருடக்கணக்காகத் தயங்குபவர்கள் என உங்கள் வாசலைத் தாண்ட முடியாதவர்கள் நிறையப் பேர். நேரில் வருவதும் கேமராவைப் போடுவதும் அவர்கள் விருப்பமாக இருக்கட்டும். கேமரா முன் அமரும் துணிச்சல் எனக்கு ஏழாவது அமர்வில்தான் வந்தது. அன்று கணவர் காரில் இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

இப்படிக்கு,
தூக்கம் வராதவள் என்று உங்கள் பதிவேட்டில் இருப்பவள்