தங்கத்துக்கு, அம்மா எழுதுவது

அன்புள்ள தங்கத்துக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. அண்ணன் பிள்ளைகள் லீவுக்கு வந்து வீட்டைத் தலைகீழாக்கி வைத்திருக்கின்றன. மழைதான் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை.

போனில் நீ ரெண்டு வார்த்தைக்கு மேல் நிற்பதில்லை. வாட்ஸ்அப்பில் போட்டால் நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதிப் பார்சலுக்குள் வைத்திருக்கிறேன். வந்த பார்சலைப் பிரிக்காமல் உன்னால் இருக்க முடியாது.

உள்ளே அப்பாவின் பழைய வேட்டி நாலு இருக்கிறது. கொதிக்கிற தண்ணீரில் போட்டெடுத்து, நல்ல வெயிலில் காயவைத்து, இஸ்திரி போட்டு, கவரில் வைத்து ஒட்டியிருக்கிறேன். பிள்ளை பிறக்கும்வரை பிரிக்காதே. புதுத் துணி எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் பிள்ளைத் தோலுக்கு உரசும். துவைத்துத் துவைத்து நைந்த வேட்டிதான் இதம். கரையை எல்லாம் கிழித்து எடுத்துவிட்டேன். கரையிலிருந்து நூல் பிரிந்து பிள்ளை விரலில் சுற்றினால் விரல் வீங்கி நீலம் பாரித்துவிடும். அழுகிற பிள்ளைக்கு வயிற்றுவலி என்று நினைத்து நாம் ஓமத்தண்ணீரைத் தேடிக்கொண்டிருப்போம். பிறந்ததும் துடைக்க ஒரு துணி, சுற்ற வேறொரு துணி. துடைத்த ஈரத்துணியிலேயே சுற்றினால் பிள்ளை குளிர்ந்துவிடும். இதை மாப்பிள்ளையிடமும் சொல்லி வை.

மாப்பிள்ளை என்றதும் ஞாபகம் வருகிறது. போன வாரம் பேசும்போது, காற்றடிக்கிற தொட்டி ஒன்று ஆன்லைனில் வந்திருக்கிறது, ஹாலில் எங்கே வைப்பது என்று பார்க்கிறோம் என்றார். பேச்சோடு பேச்சாக வந்துவிட்டது போல, சட்டென்று கிரிக்கெட்டுக்குத் தாவிவிட்டார். நானும் கேட்கவில்லை. பிறக்காத பிள்ளைக்கு இப்போதே நீச்சல் தொட்டியா என்று அப்பா சிரித்தார். சரி, அது கிடக்கட்டும்.

பிபி பார்த்தாயா? கடைசியாக நீ ரிப்போர்ட் அனுப்பியது ஆறாம் மாசம். ரத்தம் 9.8 என்று இருந்தது. இப்போது எட்டு முடியப்போகிறது. 11-க்கு மேல் இருக்க வேண்டும். அந்த இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயோடு சேர்த்துப் போடாதே, எலுமிச்சைச் சாற்றோடு போடு என்று சொன்னேன். போடுகிறாயா, இல்லை முருங்கைக்கீரை போதும் என்று நீ போகிற பிரசவ வகுப்பில் சொல்கிறார்களா? முருங்கைக்கீரை நல்லதுதான். வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்? 9.8-ஐ இருக்கிற நாளுக்குள் ஏற்றக் கீரையால் மட்டும் ஆகாது.

நீ கற்றுக்கொள்வதில் முக்கால்வாசி எனக்குச் சம்மதம். இதை நீ நம்பமாட்டாய். நர்சம்மாவாக இருந்தவள், ஊசி மாத்திரை தவிர வேறென்ன தெரியும் என்று நினைக்கிறாய். லேபர் ரூமில் பெண்களை மல்லாக்கப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிக் கட்டுவது பார்க்கிறவர்களுக்குத்தான் வசதி. மல்லாந்து படுத்தால் பிள்ளையின் பாரம் முழுக்க முதுகை ஒட்டி ஓடும் பெரிய ரத்தக்குழாயில் இறங்கும். முன்னே உத்தரத்தில் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு குந்திப் பெற்ற கிழவிகளை நான் பார்த்திருக்கிறேன். இடுப்பெலும்பு அப்போதுதான் விரிந்து கொடுக்கும். அதனால் நட, குந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு இடுப்பை ஆட்டு, மண்டிபோட்டுக் கட்டிலில் சாய்ந்துகொள். ராத்திரி இடது பக்கம் ஒருக்களித்துப் படு. வலி எடுக்கும்போது மூச்சை நீளமாக விடு; விடுவதுதான் முக்கியம், இழுப்பது தானாக நடக்கும். கருப்பை வாய் முழுசாகத் திறக்கும் முன்னே யாராவது "முக்கு, முக்கு" என்று கத்தினால் காதில் வாங்காதே. வெந்நீர் இடுப்பில் விழுந்தால் வலி குறையும், அதுவும் உண்மை. அதற்கு ஒரு குளியலறை போதும்.

பிறப்பு வாசலில் எண்ணெய் தேய்த்துவிடுவதும் சரிதான், 34 வாரத்துக்கு மேல் வாரத்துக்கு ரெண்டு தரம், சுத்தமான தேங்காய் எண்ணெய். தலைச்சன் பிரசவத்துக்குக் கத்திரி வைத்து வெட்டுவது குறைய அது உதவும். மாமியார் சொன்னாரே என்று விளக்கெண்ணெய் மட்டும் குடித்துவைக்காதே. வலி வருமோ வராதோ, பேதி நிச்சயம் வரும். குங்குமப்பூவையும் விட்டுத்தள்ளு, உங்கள் அப்பா நிறத்தை எந்தப் பூவும் மாற்றாது.

சிசேரியனுக்கு நீ பயப்படுவதும் வீண்பயம் இல்லை. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நம் தமிழ்நாட்டில் 100 பிரசவத்துக்கு 45 சிசேரியன். தனியாரில் மட்டும் பார்த்தால் 64-க்குப் பக்கம். அத்தனை பேருக்குமா இடுப்பு குறுகலாகப் போய்விட்டது? எனக்கும் கோபம் உண்டு. வலியில் கத்துகிற பிள்ளைகளைப் பார்த்து, பெற ஆசைப்பட்டவளுக்கு இப்போது என்ன கத்தல் என்று கேட்கிறவர்களோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். அதனால் நீ ஆஸ்பத்திரியைக் கண்டு மிரள்வது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அதை நீ என்னிடம் சொல்லியிருக்கலாம். யாரோ ஒரு வகுப்புக்காரியிடம் கேட்பதை, ஊரில் பாதிப் பிள்ளைகளைத் தூக்கிய கைக்காரியிடம் கேட்கக்கூடாதா?

பிபி பார்த்தால் மேல் நம்பர், கீழ் நம்பர் ரெண்டையும் சொல். நார்மல் என்று சொன்னால் எனக்குப் பத்தாது. 140-க்கு 90 தொட்டால் காத்திருக்கக்கூடாது. முகம் உப்பினாலோ, தலை விண்விண் என்று வலித்தாலோ, கண்முன் பூச்சி பறந்தாலோ அன்றைக்கே போக வேண்டும்.

பிள்ளை வளர்ப்புக்கு வருகிறேன், அதில் நமக்குள் சண்டையே இல்லை. பிறந்த பிள்ளையை வெறும் மார்பில் போட்டுக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தார்கள் என்றாயே, நல்லது. கொலம்பியாவில் பொகோடா ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர் போதாமல் 1970-களின் கடைசியில் தாய்மார் மார்போடு கட்டிவைத்துக் குறைமாசப் பிள்ளைகளைத் தேற்றினார்கள் என்று எங்களுக்கும் டிரெயினிங்கில் சொன்னார்கள். நிறைமாசப் பிள்ளைக்கும் அதே கதகதப்புத்தான். தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் ஒன்று முதல் மூன்று நிமிஷம் விட்டால் கொடியிலிருக்கிற ரத்தம் பிள்ளைக்குப் போய்ச் சேரும். டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வை. முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். சேனை வைக்கிறேன் என்று யாராவது தேனோ சர்க்கரைத் தண்ணியோ கொண்டுவந்தால் நாக்கில் படவிடாதே. தேன் ஒரு வயசு வரைக்கும் கூடாது. உரைமருந்தும் வேண்டாம். ஆறு மாசம் தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீர்கூட வேண்டாம். பால் பத்துகிறதா என்று பதறாதே. முதல் வாரம் கழிந்த பிறகு நாளைக்கு ஆறு தரத்துக்கு மேல் துணி நனைந்தால் பால் பத்துகிறது என்று அர்த்தம்.

பிறந்த அன்றைக்கே குளிப்பாட்ட விடாதே, ஒரு நாள் போகட்டும். மேலே மாவு போல அப்பியிருப்பது அழுக்கில்லை, அதுவே தோலுக்குக் காப்பு. தொப்புளில் ஒன்றும் தடவாதே. மஞ்சள், சாம்பல், எண்ணெய், எதுவும். காய்ந்து தானே விழும். கொடி விழுந்த பிறகு நான் வந்து ஆச்சி சொல்லிக்கொடுத்த மாதிரி குளிப்பாட்டுவேன். காலை நீட்டி, கணுக்கால் ரெண்டையும் ஒட்டிவைத்து, பிள்ளையைக் குப்புற, தலை பாதத்துப் பக்கம் இருக்கும்படி போட வேண்டும். தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், விரலுக்குச் சூடு தெரியாது. மூக்கை நீவி எடுப்பாக்குகிறேன், பால் எடுக்கிறேன் என்று பிள்ளையின் மாரைப் பிதுக்குகிற கிழவிகளை அண்ட விடமாட்டேன். காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவதும் கிடையாது. உங்கள் வகுப்பில் காசு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுக்கிற எண்ணெய் மசாஜ் இருக்கிறதே, அதை பிரெடெரிக் லெபோயே என்ற பிரெஞ்சு டாக்டர் கல்கத்தாவில் ஒரு தாய் செய்வதைப் பார்த்துத்தான் அங்கே கொண்டுபோனாராம். இப்போது நமக்கே திரும்பி வந்திருக்கிறது, பீஸோடு.

பிறந்ததும் போடும் தடுப்பூசி, வைட்டமின் கே ஊசி இதெல்லாம் வேண்டாம் என்று எங்காவது யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடு. கே ஊசி போடாத பிள்ளைக்கு மூளையில் ரத்தம் கசிந்தால் எந்தக் கைவைத்தியமும் எட்டாது.

தங்கம், சுற்றி வளைத்துப் பார்த்தேன், முடியவில்லை. அந்தத் தொட்டி எதற்கு?

வீட்டில் பெறுவது என்று முடிவு செய்திருக்கிறீர்களா? ஆமாம் என்றால் என்னிடம் சொல்லாமல் இருந்ததற்கு நான் கோபப்படமாட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். ஆச்சியெல்லாம் வீட்டில்தானே பெற்றாள் என்று வளைகாப்பில் எல்லோர் முன்னாலும் கேட்டாய். அன்றைக்கு நான் பேசாமல் எழுந்துபோய்ப் பாயசத்தைக் கிண்டினேன். ஆச்சி பெற்றது எத்தனை, வளர்த்தது எத்தனை என்று உனக்குத் தெரியும். தெற்குவீட்டு அத்தை படம் ஏன் அத்தனை சின்ன வயசுப் படமாக இருக்கிறது என்றும் தெரியும். எல்லாம் தெரிந்த பிள்ளை எதைக் கேட்டாய் நீ?

நீ தயாராவது வலிக்கு. அதில் உன்னை ஒருவரும் ஜெயிக்க முடியாது, அப்படிப்பட்ட பிடிவாதக்காரி நீ. பயாலஜி குரூப்பில் சேர் என்று நான் ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கிவைத்திருந்தும் கம்ப்யூட்டரில் சேர்ந்து முதல் மார்க் வாங்கினவள். ஆனால் நான் பயப்படுவது வலியைப் பற்றி இல்லை. பிள்ளை பிறந்து, அழுது, எல்லோரும் சிரித்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிற அந்த அரை மணி நேரத்தைப் பற்றி. நிறைமாசத்தில் கருப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் ரத்தம் ஓடுகிறது. நஞ்சுக்கொடி கழன்றதும் கருப்பை இறுகி அந்தக் குழாய்களை நெரித்து அடைக்க வேண்டும். இறுகாமல் தொளதொளவென்று இருந்தால், இல்லை நஞ்சில் ஒரு துண்டு உள்ளேயே ஒட்டிக்கொண்டால், ரத்தம் நிற்காது. யாருக்கு நிற்காது என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. ஆரோக்கியமாக நடந்துவந்தவளுக்கும் ஆகும். மூச்சுப் பயிற்சியும் குந்துவதும் அந்த இடத்தில் கை கொடுக்காது. பிள்ளையை உடனே மார்பில் போட்டால் கருப்பை சுருங்கும், அது இயற்கை, கட்டாயம் செய். ஆனால் பிள்ளை பிறந்த கையோடு தொடையில் போடுகிற 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசி வேண்டும். அதைப் பிரிட்ஜில் வைத்துக் காக்க வேண்டும். ரத்தம் ஏற்ற ஆள் வேண்டும். 9.8 உள்ளவளுக்கு இழக்க ரத்தமே இல்லை.

2018 ஜூலையில் திருப்பூரில் வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்த செய்தி எல்லாப் பேப்பரிலும் வந்ததே. பிள்ளை பிழைத்தது. தாய் ரத்தப்போக்கில் போய்விட்டாள். அந்தப் புருஷனும் கெட்டவர் இல்லை, மாப்பிள்ளையும் கெட்டவர் இல்லை.

நீங்கள் நாலாவது மாடி. பீரோ கொண்டுவந்தபோது உங்கள் லிப்டுக்குள் நுழையவில்லை, நாலு பேர் படியில் தூக்கினார்கள். 108 வந்தாலும் ஸ்ட்ரெச்சர் அதில் எப்படி இறங்கும்?

உன்னை இங்கே வந்து பெறு என்று இனிக் கேட்கமாட்டேன். தலைச்சனுக்குத் தாய்வீட்டுக்கு வராதது எனக்கு மனக்குறைதான், ஊரில் கேட்கிறவர்களுக்கு மாப்பிள்ளைக்கு லீவு இல்லை என்று சொல்லிவிட்டேன். கோவையிலேயே பார். ஆனால் டாக்டரிடம் போய் உன் விருப்பத்தை எல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடு: நடமாட விட வேண்டும், குந்திப் பெறலாமா, தேவையில்லாமல் வெட்டக்கூடாது, கொடியைத் தாமதித்து வெட்ட வேண்டும், பிள்ளையைப் பிரிக்கக்கூடாது. முடியாது என்றால் வேறு ஆஸ்பத்திரி பார். நானும் வருகிறேன். அரசு ஆஸ்பத்திரியிலேயே துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே விடும் ஏற்பாடு 2004-லிருந்து இருக்கிறது; தனியாரில் விடமாட்டோம் என்றால் நான் பேசிக்கொள்கிறேன். என் வாய் உனக்குத் தெரியும். கர்ப்பத்தைப் பதிவு செய்தால் கொடுக்கிற பிக்மி நம்பர் எடுத்துவிட்டாயா? அது இல்லாமல் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டியிருக்கும்.

36 வாரம் முடிகிற ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். நான் மட்டும். அப்பாவுக்கு அண்ணி சமைத்துப்போடுவாள். வேண்டாம் என்றால் இப்போதே சொல், பஸ் ஸ்டாண்டில் வந்து நின்ற பிறகு சொல்லாதே.

இப்படிக்கு,
அம்மா

பி.கு: பச்சை மூடி போட்ட டப்பாவில் இருப்பது பிரசவ லேகியம். பிள்ளை பெற்ற பிறகுதான் அது. போன தடவை அண்ணிக்குக் கிண்டினதை உன் அண்ணன் பாதி தின்றுவிட்டான், மாப்பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வை. திங்கட்கிழமை பிபி பார்த்துவிட்டு நம்பரைப் போட்டோ எடுத்து அனுப்பு.