ரிவர்லாந்தில் திராட்சைத் தோட்டம் வாங்க நினைக்கும் ஆஸ்திரேலியத் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள உறவுகளுக்கு வணக்கம்.

அடிலெய்டிலும் மெல்பர்னிலும் நம்மவர்கள் நாலு பேர் கூடினால் இப்போது தென் ஆஸ்திரேலியாவின் ஆற்றோர வட்டாரமான ரிவர்லாந்து பற்றிய பேச்சு வந்துவிடுகிறது. "நகரத்தில் ஒரு யூனிட் வாங்குகிற காசுக்கு அங்கே வீட்டோடு தோட்டமே வாங்கலாமாம்" என்று ஆரம்பிக்கிறார்கள். வாட்ஸ்அப் குழுக்களில் படங்கள் வருகின்றன: நீல வானம், பச்சைக் கொடி வரிசை, பின்னால் முர்ரே ஆறு. அந்த வட்டார விவசாயிகளின் கணக்குகளைப் பல பருவங்களாகப் பார்த்து வருகிறவன் நான். அந்த மண் மீதும் அதில் உழைக்கிறவர்கள் மீதும் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அங்கே போகாதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. பழத்தை வாங்கப்போவது யார், தண்ணீர் யார் பெயரில் இருக்கிறது என்ற இரண்டுக்கும் விடை கிடைத்த பிறகுதான் நிலத்தின் விலையைக் கேட்க வேண்டும். நம்மவர்களில் பலர் விலையை முதலில் கேட்டு, மற்ற இரண்டையும் கையெழுத்துப் போட்ட பிறகு விசாரிக்கிறார்கள்.

அடிலெய்டிலிருந்து ஸ்டர்ட் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 250 கிலோமீட்டர் போனால் ரென்மார்க். அதைச் சுற்றி பெர்ரி, லாக்ஸ்டன், பார்மெரா, வைக்கரி என்று ஆற்றோர ஊர்கள். ஆண்டு மழை 250 மில்லிமீட்டர் அளவுதான். வானம் தெளிவாக இருப்பதும், பூஞ்சை நோய் ஈர நிலங்களைவிடக் குறைவாக இருப்பதும், பழம் தவறாமல் பழுப்பதும் இந்த வறட்சியால்தான். ஆனால் ஆற்றுத் தண்ணீர் நின்றால் அங்கே கொடி நிற்காது. 1887இல் சாஃபி சகோதரர்கள் கலிஃபோர்னியாவிலிருந்து வந்து ரென்மார்க்கில் பாசனத்தைத் தொடங்கிய நாள் முதல் இதுதான் நிலைமை. இரண்டு உலகப் போர்களுக்குப் பிறகும் திரும்பி வந்த படைவீரர்களுக்கு இங்கே பாசன நிலம் பிரித்துக் கொடுத்தார்கள். கிரேக்கர்களும் இத்தாலியர்களும் வந்தார்கள். பிறகு பஞ்சாபியர்கள் பழம் பறிக்க வந்து, வேலை கற்று, தோட்டங்களை வாங்கினார்கள். ஆஸ்திரேலியாவின் ஒயின் திராட்சையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இங்கே விளைகிறது. பெட்டிக்குள் பையில் அடைத்து விற்கும் ஒயினை 1965இல் உலகுக்குக் கொடுத்ததும் ரென்மார்க்கைச் சேர்ந்த ஆங்கோவ் நிறுவனம்தான்.

அப்படியென்றால் தோட்டம் ஏன் இவ்வளவு மலிவு? இந்தக் கேள்விக்குத் தரகர் சொல்லும் பதில் "முதலாளிக்கு வயதாகிவிட்டது" என்பது. அது பொய் இல்லை, பாதி உண்மை. 2021 மார்ச்சில் சீனா ஆஸ்திரேலிய பாட்டில் ஒயின் மீது 218 சதவீதம் வரை வரி போட்டது. வருடத்துக்கு 1.2 பில்லியன் டாலர் அளவுக்கு வாங்கிக்கொண்டிருந்த சந்தை அது. ஒரே அடியில் போய்விட்டது. சிவப்பு ஒயின் தொட்டிகளில் தேங்கியது. ஆலைகள் அடுத்த பருவத்துப் பழத்தை வாங்கத் தயங்கின. 2024 மார்ச் இறுதியில் வரி நீங்கி, சீனா மறுபடி வாங்கத் தொடங்கியது. ஆனால் வாங்குவது பெரும்பாலும் விலை உயர்ந்த பாட்டில்கள். ரிவர்லாந்து விவசாயி விற்பதோ மொத்தமாக, மலிவாக விற்கும் ஒயினுக்கான பழம். அந்தப் பருவத்தில் சிவப்புத் திராட்சைக்கு டன் 150 டாலர் வரை இறங்கிப் பேசினார்கள். விளைவிக்கும் செலவு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். இதோடு, உலகமே ஒயின் குடிப்பதைக் குறைத்து வருகிறது. 2024இல் உலக நுகர்வு 1961க்குப் பிறகு மிகக் குறைந்த அளவுக்கு வந்தது. வரி போனது, பழைய நாட்கள் திரும்பும் என்று நம்பிப் பணம் போடாதீர்கள்.

அறுவடை எப்படி நடக்கிறது என்று ஒரு முறையாவது நேரில் பாருங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, வெப்பம் தணிந்த நடு இரவில் நடக்கும். வரிசையின் இரு பக்கமும் கால் பதித்த உயரமான இயந்திரம், விளக்குகளைப் போட்டுக்கொண்டு கொடியை உலுக்கியபடி நகரும். பக்கத்து வரிசையில் டிராக்டர் பழத்தைத் தாங்கிக்கொண்டு கூடவே வரும். விடியுமுன் லாரி ஆலையின் எடைமேடையில் நிற்கும். மேலிருந்து ஒரு குழாய் இறங்கி மாதிரி எடுக்கும். சர்க்கரை எத்தனை போமே (பழச்சாற்றின் சர்க்கரையை அளக்கும் அலகு), நிறம் எப்படி, இலையும் காம்பும் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். கையில் ஒப்பந்தம் இல்லாதவரின் ஒரு வருட உழைப்புக்கு அந்தச் சில நிமிடங்களில் என்ன விலை சொன்னாலும் தலையாட்ட வேண்டியதுதான். பழுத்த பழம் நாளை வரை காத்திருக்காது. ஒப்பந்தம் இருந்தாலும் பணம் பெரும்பாலும் தவணைகளாகத்தான் வரும், கடைசித் தவணை செப்டம்பர் வரை இழுக்கும். வங்கித் தவணையோ மாதாமாதம் வந்து நிற்கும்.

ஆகவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது பழ ஒப்பந்தத்தின் நகல். எத்தனை டன், எந்த ரகம், எந்த வருடம் வரை, குறைந்தபட்ச விலை உண்டா, உரிமையாளர் மாறினால் ஒப்பந்தம் செல்லுமா? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. செல்லாது என்றால் நீங்கள் வாங்குவது வேலியும் கொடியும் மட்டுமே.

அடுத்தது தண்ணீர். இங்கே நிலம் வேறு, தண்ணீர் வேறு. நிலப் பத்திரத்தோடு தண்ணீர் தானாக வராது. முர்ரே ஆற்றின் நிரந்தர நீர் உரிமை தனிச் சொத்து. மெகாலிட்டர், அதாவது 10 லட்சம் லிட்டர், பல ஆயிரம் டாலர் விலை போகிறது. பணமுடை வந்த விவசாயி முதலில் விற்பது இதைத்தான். பிறகு வருடாவருடம் சந்தையில் தற்காலிகத் தண்ணீர் வாங்கி ஓட்டுவார். அப்படி நீர் உரிமை இல்லாமல் காய்ந்த தோட்ட நிலத்தின் விலையைத்தான் உங்களிடம் "அடிமாட்டு விலை" என்று காட்டுகிறார்கள். 10 ஹெக்டேர் தோட்டத்துக்கு ஒரு வருடத்தில் 70, 80 மெகாலிட்டர் வேண்டியிருக்கும். உரிமை கையில் இருந்தாலும் அரசு அந்த வருடம் எத்தனை சதவீதம் ஒதுக்குகிறது என்பது இன்னொரு கேள்வி. நல்ல வருடங்களில் 100 சதவீதம் கிடைக்கும். பெரும் வறட்சியில், 2008-09இல், தென் ஆஸ்திரேலியாவின் முர்ரே பாசனக்காரர்களுக்குக் கிடைத்தது 18 சதவீதம். அந்த வறட்சிக் காலத்தில் ஒரு கட்டத்தில் தற்காலிகத் தண்ணீர் மெகாலிட்டர் 1,000 டாலரைத் தாண்டியது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஹெக்டேருக்கு 25 டன், டன் 150 டாலர் என்றால் வரவு 3,750 டாலர். 7 மெகாலிட்டரை 200 டாலர் வீதம் வாங்கினால் தண்ணீருக்கே 1,400. பம்புக்கு மின்சாரம், உரம், மருந்து, கவாத்து, அறுவடை இயந்திரக் கூலி எல்லாம் இனிமேல்தான். தண்ணீரைத் தோட்டம் வரை கொண்டுவரும் பாசன அறக்கட்டளைக்கு, நீங்கள் ஒரு சொட்டு எடுக்காவிட்டாலும் ஆண்டுக் கட்டணம் உண்டு. விலகினால் விலகல் கட்டணமும் கேட்பார்கள். பேரம் பேசும்போது இதையெல்லாம் தரகர் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். "தோட்டம் வாங்கினால் பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) கிடைக்கும்" என்று ஊரில் இருக்கும் சொந்தங்களிடம் சிலர் பேசுவதாகக் கேள்விப்படுகிறேன். வணிக, முதலீட்டு விசாத் திட்டம் 2024 ஜூலையோடு புதிய விண்ணப்பங்களுக்கு மூடப்பட்டுவிட்டது. ஊரில் நகையை அடகு வைத்துப் பணம் அனுப்புகிறவர்களுக்குத் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஏன் அங்கே பார்க்கச் சொல்கிறேன்? அந்த வெயில் உண்மையானது. வேரைத் தின்னும் ஃபிலாக்சரா பூச்சி தென் ஆஸ்திரேலியாவுக்குள் இதுவரை வரவில்லை. மாண்டிபுல்சியானோ, நீரோ தாவோலா, ஃபியானோ, வெர்மெண்டினோ என்று வெப்பத்தைத் தாங்கி, புளிப்பையும் இழக்காத இத்தாலிய ரகங்களை நட்டு, தங்கள் பெயரிலேயே பாட்டில் போடும் சிறு தயாரிப்பாளர்கள் அங்கே எழுந்து வருகிறார்கள். என் பார்வையில் எதிர்காலம் அவர்களிடம் இருக்கிறது. ஷிராஸ் என்ற சிவப்பு ரகம் நிற்கும் இன்னொரு 10 ஹெக்டேரை வாங்குவதைவிட, இப்படி ஒருவரோடு பங்கு சேர்வது, அவருக்கு நகரத்தில் உணவகங்களையும் கடைகளையும் பிடித்துத் தருவது நம் பணத்துக்கும் பாதுகாப்பு, அந்த ஊருக்கும் நல்லது. விற்கத் தெரிந்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அங்கே பற்றாக்குறையும் அதில்தான். விவசாயமே செய்ய வேண்டும் என்று ஆசைப்படும் இளையவர்கள் ஒரு தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து, கவாத்து முதல் எடைமேடை வரை ஒரு முழுப் பருவம் நின்று பாருங்கள்.

கடைசியாகத் தமிழ்ச் சங்க நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். முதலீட்டுக் கூட்டம் நடத்தும்போது சொத்துத் தரகரை மட்டும் மேடையேற்றாதீர்கள். ரென்மார்க்கிலோ லாக்ஸ்டனிலோ இன்றும் பழம் விளைவிக்கும் ஒருவரையும், நீர் உரிமைச் சந்தையில் வேலை செய்யும் ஒருவரையும் கூப்பிடுங்கள். அவர்கள் பேசி முடித்துக் கேள்விகளுக்குப் பதில் சொன்ன பிறகு முன்பணப் படிவத்தை வெளியே எடுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்