தீபாவளி உடுப்பில் என்ன மருந்து இருக்கிறது என்று யார் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

தீபாவளி முற்பணம் கைக்கு வந்தால் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை டவுன் துணிக்கடைகளில் கால் வைக்க இடமிருக்காது. நிறம் பார்க்கிறோம், விலை பார்க்கிறோம், பிள்ளைக்கு அடுத்த வருஷமும் அளவாக இருக்குமா என்று பார்க்கிறோம். அந்தத் துணியில் என்ன இரசாயனம் ஏற்றியிருக்கிறார்கள் என்று மட்டும் கேட்பதில்லை. கேட்டாலும் கடைக்காரருக்குத் தெரியாது, அவரைக் குறை சொல்லவும் முடியாது.

துணி கசங்காமல் இருக்க ஒரு பிசின் பூசுகிறார்கள், அதிலிருந்து ஃபோர்மல்டிஹைட் என்ற இரசாயனம் வெளிவரும். பைக்கற்றைப் பிரித்ததும் மூக்கில் ஏறுகிற வாடைக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் வாடை இல்லாவிட்டால் அது இல்லை என்று நம்பிவிட முடியாது. சிலருக்கு இது தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். கழுத்துப்பட்டி, அக்குள், இடுப்பு இலாஸ்டிக் என்று வேர்வையும் உரசலும் சேரும் இடங்களில் சிவந்து, பொரிப்பொரியாக எழும்பி, பிள்ளை இரவெல்லாம் சொறியும். நாமோ குளிர் என்றும் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றும் நினைத்துக்கொள்கிறோம். பொலியெஸ்டருக்குப் போடும் சில கடும் நீலச் சாயங்களும் இதே வேலையைச் செய்யும்.

ஜப்பான் 1973ஆம் ஆண்டிலேயே இப்படிப்பட்ட இரசாயனங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டது, அங்கே ஃபோர்மல்டிஹைட்டுக்கு இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடுப்பில்தான் மிகக் கடுமையான வரம்பு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 நவம்பர் முதல் ஒரு கிலோ துணியில் 75 மில்லிகிராமுக்கு மேல் ஃபோர்மல்டிஹைட் இருந்தால் விற்க முடியாது. புற்றுநோய் உண்டாக்கும் அமின்கள் என்ற இரசாயனங்களாக உடையக்கூடிய அசோ வகைச் சாயங்களுக்கும், அந்த அமின்கள் கிலோவுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் வரக்கூடாது என்று அங்கே வரம்பு வைத்திருக்கிறார்கள்.

எனக்கு மனம் பொறுக்காத விஷயம் இதுதான். நம் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் ஊரை விட்டுப்போய் கார்மண்டில் தைக்கும் உடுப்பு அந்த வரம்புகளுக்குள் இருந்தால்தான் ஐரோப்பாவுக்குப் போகும், ஆனால் அதே பிள்ளை தீபாவளிக்கு லயத்துக்கு வரும்போது தம்பிக்கு வாங்கிவரும் சட்டையில் பல சமயம் எங்கே செய்தது என்று காட்டும் துண்டுகூட இருப்பதில்லை.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி லேபிள் பற்றிப் பணிப்புரை விடுக்க அதிகாரம் இருக்கிறது. குழந்தைகள் உடுப்பில் இருந்து தொடங்கட்டும். எந்த நூல், யார் செய்தது, யார் இறக்குமதி செய்தது என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதச் சொல்லட்டும். பண்டிகைக் காலத்தில் விலை பார்க்க வரும் அதிகாரிகள் நாலு சட்டையை எடுத்து ஆய்வுகூடத்துக்கும் அனுப்பட்டும், முடிவு பத்திரிகையில் வரட்டும்.

அதுவரைக்கும் தாய்மாருக்கு ஒன்று சொல்கிறேன். புதுத்துணியைத் துவைக்காமல் மஞ்சள் வைத்து உடுத்துவதுதான் நம் வழக்கம், தெரியும். சாமிக்குப் படைப்பதற்கு முதல்நாளே வாங்காமல் கொஞ்சம் முன்னதாக வாங்கி, சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் அலசிக் காயவைத்து, அப்புறம் மஞ்சள் வையுங்கள். ஐப்பசி மழையில் துணி காயாது என்பதால்தான் முன்னதாக என்கிறேன். ஃபோர்மல்டிஹைட் தண்ணீரில் கரையும், துவைத்தால் பெருமளவு குறையும். அசோ சாயம் அப்படிப் போகாது, அதைக் கடைக்கு வருமுன்பே அரசாங்கம்தான் தடுக்க வேண்டும். பிள்ளைக்குத் தோல் தடித்தால் அந்த உடுப்பையும் எடுத்துக்கொண்டு டொக்டரிடம் போங்கள், பில்லையும் எறியாதீர்கள், அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து முறைப்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தலவாக்கலை