சுந்தரத்துக்கு, பட்டை அடிக்கும் சுவர் குறித்து

திருச்சிராப்பள்ளி,
மாசி 3

அன்புள்ள சுந்தரம்,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் கிடைத்தது. மைதிலிக்கு முழங்கால் வலி குறைந்து, இப்போது யார் துணையும் இல்லாமல் மாடிப்படி ஏறுகிறாள் என்று படித்ததும் எங்கள் எல்லோருக்கும் நிம்மதியாயிற்று. இங்கே சின்னவளுக்குக் கோயம்புத்தூரிலேயே வேலை கிடைத்துவிட்டது; அவளை அங்கே குடிவைத்துவிட்டு இப்போதுதான் திரும்பினோம்.

பேரனுடைய படிப்பறையில் ஒரு சுவருக்கு மட்டும் வெள்ளையும் மயில்பச்சையுமாக நெடுக்குப் பட்டை அடிக்கப் போவதாகவும், அதற்கு என்னென்ன வாங்கி வைக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். எங்கள் கூடத்துச் சுவரை அடித்தபோது நான் தெளிந்துகொண்ட ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையின் அழகு பெயின்ட்டின் விலையில் இல்லை, கோட்டின் ஓரத்தில்தான் இருக்கிறது. ஆகையால் கையிலிருக்கும் பணத்தில் ஒரு பங்கை, பெயின்ட் ஓரம் தாண்டாமல் தடுக்கச் சுவரில் ஒட்டும் நல்ல டேப்புக்கென்று ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் பெயின்ட் வாங்கு.

கடைக்குப் போகுமுன் உள்ளங்கையைச் சுவரில் அழுத்தித் தேய்த்துப் பார். வெள்ளைப் பொடி கையில் ஒட்டினால் உள்ளே இருப்பது சுண்ணாம்போ பழைய டிஸ்டம்பரோ என்று பொருள். அதன்மேல் எந்த டேப்பை ஒட்டினாலும், உரிக்கும்போது பூச்சும் சேர்ந்தே வந்துவிடும். அப்படியானால் சுரண்ட ஒரு பட்டித் தகடு, பள்ளங்களை அடைக்கக் கொஞ்சம் பட்டி, 120, 220 எண் உப்புத்தாள்கள், பெயின்ட்டுக்கு முன் அடிப்பூச்சாகப் பூசும் பிரைமர் ஒரு லிட்டர் ஆகியவையும் உன் சீட்டில் ஏற வேண்டும். சுவரின் அடிப்பகுதியில் உப்புப் பூத்திருந்தால் ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்று பார்த்து அதைச் சரிசெய்த பிறகே மற்றவற்றைத் தொடங்கு. ஈரச் சுவரில் எந்தப் பெயின்ட்டும் நிற்காது.

சுவர் பதினொன்றே கால் அடி அகலம், பத்தடி உயரம் என்று எழுதியிருக்கிறாய். அகலம் 135 அங்குலம் ஆகிறது. ஒன்பது அங்குலப் பட்டையாகப் பிரித்தால் சரியாகப் பதினைந்து வரும். ஒற்றைப்படை எண்ணாக இருப்பதால் இரண்டு மூலைகளிலும் வெள்ளையே நின்று சுவர் சமனாகத் தோன்றும். எட்டு வெள்ளை, ஏழு பச்சை. பச்சைக்கு மொத்தம் ஐம்பத்திரண்டரை சதுர அடிதான். இரண்டு முறை பூச, எமல்ஷன் என்ற தண்ணீர் கலக்கும் சுவர்ப் பெயின்ட் ஒரு லிட்டர் டப்பா தாராளமாகப் போதும். அடியில் சுவர் முழுவதும் பூசும் வெள்ளைக்கு நான்கு லிட்டர் வாங்கிக்கொண்டால் மிஞ்சுவது அறையின் மற்றச் சுவர்களுக்கு உதவும். இரண்டுமே ஒரே வகை எமல்ஷனாக இருக்கட்டும். ஒன்று மினுமினுத்து மற்றது மங்கினால் வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் கண்ணை உறுத்தும். கடைக்காரர் இயந்திரத்தில் நிறம் கலந்து தரும்போது டப்பா மூடியில் ஒட்டும் எண்ணைக் கிழிக்காமல் வைத்திரு. பின்னாளில் கீறல் விழுந்தால் அதே நிறத்தைக் கேட்டு வாங்க அதுதான் வழி.

இனி டேப். பச்சையும் வெள்ளையும் சந்திக்கும் கோடுகள் பதினான்கு, ஒவ்வொன்றும் பத்தடி. மேல் விளிம்பையும் தரை விளிம்பையும் சேர்த்தால் ஏறக்குறைய ஐம்பது மீட்டர்; இருபது மீட்டர்ச் சுருள் மூன்று வாங்கு. எழுதுபொருள் கடையில் கிடைக்கும் மலிவான மஞ்சள் டேப் வேண்டாம். அதன் பசை சில சுவர்களில் பிடிக்காது, சிலவற்றில் பிடித்த பிடியை விடாது. பெயின்ட் கடையில், சுவருக்கென்றே மென்மையான பசையோடு வரும் நீல நிற மாஸ்கிங் டேப்பைக் கேள். விலை கூடத்தான், ஆனால் இதில் மட்டும் கணக்குப் பார்க்காதே. டேப் வெள்ளைப் பட்டையின் பக்கம்தான் விழ வேண்டும் என்பதால், வெள்ளையாக நிற்க வேண்டிய பட்டைகளில் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி போட்டுக்கொள். ஒட்டியபின் விளிம்பைப் பட்டித் தகட்டால் ஒரு முறை நீவிவிட்டு, அந்த விளிம்பின்மேல் முதலில் அடிநிற வெள்ளையையே மெல்ல ஓட்டு. டேப்பின் அடியில் நுழையக்கூடிய இடுக்குகளை அந்த வெள்ளையே அடைத்துக்கொள்ளும். அது காய்ந்தபின் பச்சை அடித்தால் கசிய வழியிருக்காது. இரண்டாம் பூச்சின் ஈரம் முழுதும் உலர்வதற்குள் டேப்பைச் சாய்வாகப் பின்னோக்கி இழுத்து உரித்துவிடு. காய்ந்தபின் உரித்தால் ஓரம் பிய்ந்து பல்லாகிவிடும்.

உன் பூர்வீக வீட்டில் மூலைகள் நேராக இருக்குமென்று நம்பி அளக்காதே. அளவை மேல் விளிம்பில் மட்டும் குறித்து, ஒவ்வொரு குறியிலிருந்தும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூல் அசையாமல் நின்றபின் கீழே மூன்று நான்கு இடங்களில் பென்சிலால் தொட்டு வா. சுவரின் கோணல் கடைசி வெள்ளைப் பட்டையில் ஒதுங்கிவிடும், யார் கண்ணுக்கும் படாது. கொத்தனார்கள் நிறப்பொடி தோய்த்த நூலைச் சுண்டிக் கோடு போடுவார்களே, அது வெளிச்சுவருக்குச் சரி. இங்கே அந்தப் பொடி வெள்ளைக்குள் ஊறி மங்கலாகத் தெரியும்.

மற்றவை எளியவை: வெள்ளைக்கு ஒன்பது அங்குல ரோலர், பட்டைக்கு நான்கு அங்குலச் சிறு ரோலர், ஓரங்களுக்கு இரண்டு அங்குல பிரஷ், ஒரு தட்டு, தரையில் விரிக்கப் பழைய வேட்டி, மடக்கு ஏணி. அடிநிறம் காய ஒரு முழு நாளாவது விட்டுத்தான் டேப் ஒட்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதைத் தொட்டிருந்தால் காயவே காயாது. மாசியில் தொடங்குவது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

பங்குனியில் கல்யாணத்துக்கு வரும்போது என் தூக்குக்குண்டை எடுத்து வருகிறேன், அதற்குச் செலவு செய்யாதே. அதற்குள் பட்டி பார்த்து வெள்ளை அடித்து வைத்துவிட்டால், இரண்டு பேருமாகப் பட்டைகளைப் போட்டுவிடலாம். எந்தப் பச்சை என்று பேரனையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, அதன் எண்ணை எனக்கு எழுது.

அன்புடன்,
ராமநாதன்