நட்டம் வந்தால் முதலில் யார் தாங்குவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழில் நிறுவனங்களில் மனிதநேயத் தலைமை குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ஊழியரைப் பெயர் சொல்லி அழைப்பது, பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்புவது, அறைக்கதவைத் திறந்தே வைத்திருப்பது என்று அதில் சொல்லப்பட்டவை எல்லாம் நல்ல பழக்கங்கள்தாம். ஆனால் அவற்றில் எதற்கும் நிறுவனத்துக்குப் பைசா செலவில்லை. ஒரு தலைவரிடம் அறம் இருக்கிறதா என்பது கணக்கில் நட்டம் எழுத வேண்டிய ஆண்டில்தான் தெரியவரும் என்பது, பணியாளர் நிர்வாகத்திலேயே வேலைக்காலத்தைக் கழித்த என் எண்ணம்.

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 2014 ஜனவரியில், வீ யூ என்னும் வீடியோ விளையாட்டுக் கருவி எதிர்பார்த்தபடி விற்காமல் தடுமாறியது. அப்போது அதன் தலைவர் சடோரு இவாடா தம் சம்பளத்தைச் சில மாதங்களுக்குப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். மற்ற இயக்குநர்களின் சம்பளமும் குறைந்தது. ஆட்குறைப்பு செய்தால் அந்த ஆண்டுக் கணக்கு அழகாகத் தெரியலாம், ஆனால் எஞ்சியிருப்பவர்கள் பயத்தோடு வேலை செய்வார்கள் என்பது அதற்கு முந்தைய ஆண்டே அவர் தந்திருந்த விளக்கத்தின் சாரம். அந்த நிறுவனத்திடம் கையிருப்பு தாராளமாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. என்றாலும் கையிருப்பு வைத்துக்கொண்டே ஆட்களை வீட்டுக்கு அனுப்பும் நிறுவனங்களும் இருப்பதால், வெட்டு முதலில் எங்கே விழுந்தது என்பதுதான் என் கண்ணில் படுகிறது.

இதற்கு நேர் எதிரான வரிசையை அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் பார்த்தோம். ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் 8 சேவைகளையாவது விற்றுவிட வேண்டும் என்று மேலிடம் வைத்த இலக்குக்காக, கிளை ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே கணக்குகளைத் தொடங்கினார்கள். அப்படித் தொடங்கப்பட்டவை சுமார் 35 லட்சம் வரை இருக்கலாம் என்று வங்கியே பின்னர் கணக்கிட்டது. 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதத்தோடு விவகாரம் பெரிதாக வெடித்தபோது, ஏறத்தாழ 5,300 ஊழியர்கள் ஏற்கெனவே வேலையை இழந்திருந்தார்கள். தலைமை நிர்வாகி பதவி விலகியது அதற்கும் அடுத்த மாதம். உள்ளேயே புகார் சொன்னதற்காகத் தங்கள் வேலை போனது என்று சிலர் கூறியதும் அப்போதுதான் வெளியே தெரிந்தது.

இலக்கு எப்படிக் கீழே இறங்குகிறது என்பதை அருகில் இருந்து பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. இயக்குநர் குழு நூறு என்று முடிவு செய்யும். மண்டல மேலாளர் தம் பாதுகாப்புக்காக அதை நூற்றுப்பத்து ஆக்குவார். கிளை மேலாளர் தம் பங்குக்கு இன்னும் கொஞ்சம் கூட்டுவார். கடைசியில், 'முடியாது' என்று சொல்லும் உரிமையே இல்லாத ஒருவர் மேசைக்கு அது நூற்று முப்பதாக வந்து சேரும். மாதக் கடைசியில் அவர் குறுக்கு வழியில் போனால், விசாரணைக் கோப்பில் அவர் பெயர் மட்டுமே இருக்கும். நூறை நூற்று முப்பது ஆக்கிய கைகளைக் குறித்து ஒரு வரி எழுதப்பட்ட கோப்பை நான் பார்த்ததில்லை. தலைவரின் அறைக்கதவு அந்த மாதம் முழுக்கத் திறந்தே இருந்திருக்கலாம். அதனால் யாருக்கு என்ன பயன்?

நல்ல மனம் மட்டும் போதும் என்றும் நான் வாதிடவில்லை. 1995 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மால்டன் மில்ஸ் ஜவுளி ஆலை எரிந்துபோனபோது, உரிமையாளர் ஆரன் ஃபியூர்ஸ்டீன் வேலையில்லாமல் நின்ற தொழிலாளர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் கொடுத்து, அதே இடத்தில் ஆலையையும் மீண்டும் கட்டினார். உலகமே பாராட்டியது. ஆனால் கடன் சுமை ஏறி 2001-இல் அந்த ஆலை திவால் மனு கொடுத்தது. நிர்வாகமும் பின்னர் அவர் கையைவிட்டுப் போனது. இதைக் காட்டி, அறம் பார்த்தால் தொழில் படுத்துவிடும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர் செய்தது சரி. ஆனால் அத்தனை பாரமும் ஒரு தனிமனிதரின் மனசாட்சி மேல் நின்றதுதான் பலவீனம். நெருக்கடியில் யாருடைய ஊதியம் முதலில் குறையும், இலக்கை மறுக்க யாருக்கு உரிமை உண்டு, புகார் கொடுத்தவரை யார் காப்பது என்பவை எல்லாம் நிறுவன விதிகளில் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தால், அடுத்து வருபவர் நல்லவராக இல்லாவிட்டாலும் ஊழியருக்கு ஒரு பிடிமானம் இருக்கும்.

தங்கள் இதழ் அடுத்த முறை ஒரு நிறுவனத் தலைவரைப் பேட்டி காணும்போது, அவருடைய தலைமைப் பாணியைக் கேட்பதற்கு முன், கடைசியாக நட்டம் வந்த ஆண்டில் அவர் சம்பளம் எவ்வளவு குறைந்தது, அதே ஆண்டில் எத்தனை பேர் வேலையை இழந்தார்கள் என்ற இரண்டு விவரங்களையும் கேட்டு, பதிலை அப்படியே வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பணியாளர் நிர்வாக அலுவலர் ஒருவர்