டிக்கியைத் திறக்க முடியாத நேரத்துக்கு: கடலூர், புதுச்சேரி வாடகை வண்டி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேன், கார் வைத்து வாடகைக்கு விடும் உரிமையாளர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி பிறந்துவிட்டால் உங்கள் வண்டிகளுக்கு ஓய்வே கிடையாது. கல்யாணம், கந்த சஷ்டி, தீபத்துக்குத் திருவண்ணாமலை, மாலை போட்டவர்களோடு சபரிமலை. இதற்கு நடுவே ஜிப்மருக்குப் போய் வரும் நோயாளிகள். புயல் வருவதும் இதே மாதங்களில்தான். தானே புயல் வந்தது 2011 டிசம்பர் 30 அன்று. நிவர் 2020 நவம்பர் கடைசியில். ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைத் தொட்டு, நகராமல் நின்று, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை பெருகி, அரசூர் அருகே திருச்சி நெடுஞ்சாலையையே மூழ்கடித்தது. நான்கு வழிச் சாலையில் வண்டிகள் மணிக்கணக்கில் வரிசை கட்டி நின்றன.

உங்கள் வண்டிகளில் அடிக்கடி பயணம் செய்கிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். அவசரப் பொருட்கள் வண்டியில் இல்லை என்று குறை சொல்ல மாட்டேன். பல வண்டிகளில் இருக்கின்றன. ஆனால் டிக்கியில், ஸ்டெப்னிக்குப் பக்கத்தில், பயணிகளின் பெட்டி, பை, சமையல் பாத்திரங்களுக்கு அடியில் இருக்கின்றன. வண்டியோடு வந்த முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் பசை காய்ந்து ஒட்டாத பிளாஸ்திரியும் பழுப்பேறிய பஞ்சும் கிடைக்கும். டார்ச் விளக்கின் மூடியைத் திருகினால் பேட்டரி கசிந்து ஸ்பிரிங் முழுவதும் வெள்ளையாகப் பூத்திருக்கும். தீயணைப்பானின் முள் எப்போதோ சிவப்புக்குப் போயிருக்கும். எஃப்.சி. என்கிற வண்டித் தகுதிச் சான்றுக்குக் காட்டுவதற்கு இவை போதும். முழங்கால் அளவு தண்ணீரில் நிற்கும் வண்டியில் பின்கதவைத் திறந்து, சாமான்களை இறக்கி, அடியில் கைவிட்டு யார் எடுப்பது?

எனவே எதை வாங்குவது என்பதற்கு முன் எங்கே வைப்பது என்று முடிவு செய்யுங்கள். ஓட்டுநர் இருக்கையில் பெல்ட் போட்டபடியே எட்ட வேண்டியவை இரண்டு: டார்ச், கண்ணாடி உடைக்கும் சுத்தியல். பெல்ட்டை அறுக்கும் கத்தியும் சேர்ந்தே வரும் சுத்தியல் கடைகளில் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. வேன் என்றால் பின்வரிசையிலும் ஒன்று மாட்டுங்கள். பக்கக் கண்ணாடியின் மூலையில் அடிக்க வேண்டும். முன்கண்ணாடி இரண்டு அடுக்காக ஒட்டியது, விரிசல் விடுமே தவிர உதிராது. இருக்கையின் தலைசாய்ப்பைப் பிடுங்கி அதன் கம்பியால் உடைக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கிறது. வண்டி சும்மா நிற்கும்போது அதை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். மறுநாளே சுத்தியல் வாங்கிவிடுவீர்கள்.

தண்ணீர் பாட்டில், பிஸ்கட், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், சானிட்டரி நாப்கின், கனமான தார்ப்பாய் ஒன்று: இவை பயணிகள் பக்கம், இருக்கைக்கு அடியில் இருக்கட்டும். நாப்கினை எழுதும்போதே சில முகங்கள் சுளிப்பது தெரிகிறது. ஐந்து மணி நேரம் நெரிசலில் சிக்கிய வேனில் இருக்கும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். குடையை விட மழைக்கோட்டு நல்லது. டயர் மாற்றுகிறவருக்கு இரண்டு கையும் வேண்டும்.

தானே புயலின்போது பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவர்கள் மரம் வெட்ட ஏதாவது வேண்டும் என்பார்கள். மடக்கு ரம்பம் வையுங்கள். அரிவாள் வேண்டாம். புதுச்சேரியிலிருந்து திரும்பும் வண்டியில் ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் மது பாட்டிலைத் தேடுகிற போலீசாருக்கு அரிவாள் கிடைத்தால் என்ன விளக்கம் சொல்வீர்கள்?

எச்சரிக்கை முக்கோணம் இல்லாத வண்டி குறைவு. அதை எடுத்து வைக்கிற ஓட்டுநரும் குறைவு. பழுதான வண்டிக்குப் பின்னால் நாலு கல்லும் ஒரு வேப்பங்கிளையும் வைப்பதே இன்றும் வழக்கம். வண்டி போன பிறகும் கல் அங்கேயே கிடந்து, இரவில் வரும் பைக்காரரைக் கவிழ்க்கிறது. மழை நேரத்தில் வேகமான சாலையில் முக்கோணத்தை 50 மீட்டராவது தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

வைக்கக் கூடாதவையும் உண்டு. கத்திரி வெயிலில் நிற்கும் காருக்குள் மாத்திரை வீரியம் இழக்கும். இன்சுலினைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பவர் பேங்க் உப்பிவிடும், ஸ்பிரே டப்பா வெடிக்கலாம். இவற்றைப் பயணத்துக்குப் பயணம் கையோடு ஏற்றி இறக்குவதே சரி. டார்ச்சையும் பேட்டரியையும் தனித்தனியாக ஒரே உறையில் போட்டு வையுங்கள்.

எந்தப் பெட்டியும் ஓட்டுநரின் நிதானத்துக்கு ஈடாகாது என்பதையும் சொல்ல வேண்டும். ஓடும் நீர் ஓரடி இருந்தாலே சிறிய கார் மிதக்கத் தொடங்கும். தண்ணீரில் இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி சாவியைத் திருப்பக் கூடாது. உள்ளே நீர் ஏறியிருந்தால் இன்ஜினே போய்விடும். நேரமாகிறது என்று பயணி அவசரப்படுத்தினாலும் தரைப்பாலத்தில் இறங்காத ஓட்டுநரை நீங்கள் திட்டக் கூடாது. அவசரப்படுத்துகிற பயணிகளில் நானும் ஒருவன்தான், அதனால் இதை அழுத்தியே சொல்கிறேன். 112, 108, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் 1077 ஆகிய எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி, பின்னால் இருப்பவர் கண்ணிலும் படும்படி ஒட்டுங்கள்.

ஆயுத பூஜைக்கு எப்படியும் வண்டியைக் கழுவி, சந்தனம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சை வைக்கிறீர்கள். அது மழைக்கு முன் வருகிற நாள். அன்றைக்கே டார்ச்சின் பேட்டரியை மாற்றி, ஸ்டெப்னியில் காற்றைப் பார்த்து, தீயணைப்பானின் முள்ளையும் பார்த்துவிடுங்கள். ஆகும் செலவு உங்களுடையது. அதை ஓட்டுநரின் பேட்டாவில் பிடிக்காதீர்கள். பயணிகளிடம் வாடகையோடு சேர்த்துக் கேட்டால் கொடுக்க நாங்கள் தயார்.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்